சின்ன சிவனொளிபாதமலை: முதன்முறை ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள எல்ல நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள சின்ன சிவனொளிபாதமலையின் உச்சி 1,141 மீற்றர். ஏற வேண்டியது ஏறத்தாழ 100 மீற்றர்தான். பசறை வீதியில் நடந்து, தேயிலைத் தோட்டப் பாதையில் திரும்பி, கடைசியில் படிகளில் ஏறினால் உச்சி வந்துவிடும். நிதானமாக நடந்தாலும் நகரிலிருந்து ஒரு மணி நேரம் போதும். இலங்கையில் மலையேறத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் மலை இதுதான். இங்கே அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏறும்போது அவதிப்படுவதில்லை. ஏறுவது எளிது என்பதால், இறங்குவதைப் பற்றி யோசிக்காமலே புறப்பட்டுவிடுகிறார்கள்.

சூரியன் மறைவதைப் பார்க்கப் போகிறவர்களிடம்தான் இந்தத் தவறை அதிகம் காணலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழிறங்குகிறது. அந்தி நீடிப்பதில்லை, அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். கடைசி வெளிச்சம் வரை படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், படிகளில் கால் வைக்கும்போது படி தெரியாது. கைபேசி வெளிச்சத்தை நம்பலாம் என்றால், அதன் மின்னேற்றத்தைப் படமெடுப்பதே தின்று முடித்திருக்கும். தனியாக ஒரு டோர்ச் லைட் எடுத்துச் செல்லுங்கள். அதைவிட நல்லது, அதிகாலையில் போவது: இருட்டில் ஏறுகிற கால்கள் களைப்பற்றவை, இறங்கும்போதோ நல்ல வெளிச்சம் இருக்கும். எல்லப் பள்ளத்தாக்கில் மேகம் படியாத வேளையும் பெரும்பாலும் அதுதான்.

இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. பழக்கமில்லாதவர்களுக்கு முழங்கால் நடுங்குவதும், அடுத்த நாள் படியிறங்கக் கஷ்டப்படுவதும் இதனால்தான். ஓடி இறங்காதீர்கள். முழங்காலைச் சற்று மடக்கி, சிறு அடிகளாக வையுங்கள். பிடிமானம் தேய்ந்த சப்பாத்தும் ரப்பர் செருப்பும் வேண்டாம்.

அடுத்தது, குறுக்கு வழி தேடித் தேயிலைக்குள் இறங்குவது. மேலிருந்து பார்த்தால் பச்சை விரிப்பாகத் தெரியும் இடத்தில், மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிய கான்கள் (வடிகால்கள்) செடிகளுக்குள் மறைந்திருக்கும். கால் உள்ளே போனால் கணுக்கால் திரும்பிவிடும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலையில் விழுந்தால் கூரான குச்சிகள் குத்தும். மழைக்குப் பின் அட்டைக்கடியும் உண்டு.

அது ஒருவருடைய வேலைத்தலம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அன்றைய கிலோக் கணக்கு முக்கியம். கேட்காமல் முகத்துக்கு நேரே கெமராவை நீட்டுவதும், நிரைக்குள் புகுந்து படத்துக்காக நிற்பதும் அவர்களுடைய நேரத்தைப் பறிக்கிற செயல்கள். எனக்கு இது மிகவும் மனவருத்தம் தருகிறது. நம்மால் அவர்களுடன் அவர்கள் மொழியிலேயே பேச முடியும். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கொழுந்து மூட்டையோடு எதிரே வருபவருக்குப் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மரத்திலோ பாறையிலோ குளவிக்கூடு தெரிந்தால் கல்லெறிவது, கத்துவது, புகை மூட்டுவது எதுவும் கூடாது. குளவி கொட்டித் தோட்டத் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்திகள் மலையகத்தில் அடிக்கடி வருகின்றன, உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. நீங்கள் கலைத்துவிட்டுப் போன கூடு, அன்று அந்த மலையில் வேலை செய்பவர்களைத்தான் தாக்கும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழை அதிகம். பிற்பகலில் இடி கேட்டால் உச்சியில் நிற்காதீர்கள். மரமற்ற திறந்த முகடு அது. முதல் உச்சிக்கு அப்பாலும் சிறு முகடுகள் உண்டு. அவற்றுக்குப் போகும் வழி செங்குத்தானது, ஈரமாக இருந்தால் வழுக்கும். குழந்தைகளோடு வந்தவர்கள் முதல் உச்சியோடு திரும்புவது நல்லது. காட்சியில் பெரிய குறை எதுவும் இருக்காது.

கடைசியாக, இதை முடித்த உற்சாகத்தில் அன்றே நண்பகலில் எதிரேயுள்ள எல்லப் பாறைக்குக் கிளம்புவது. அது உயரத்திலும் தூரத்திலும் வேறு கணக்கு. பலரும் புகையிரதத் தண்டவாளத்தில் நடந்தே அங்கே போகிறார்கள், அதில் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலே கிளைவழிகளும் நிறைய. அதற்குத் தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன் போங்கள்.