சிடி பாக்ஸ் மாற்றும்போது பல்லைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் சிடி வாடகைக் கடை நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகும், யார் வீட்டு பீரோவை ஒழித்தாலும் மூடி பிளந்த பாக்ஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். "அண்ணே, எல்லாத்தையும் ஒரே பவுச்சுல போட்டுடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. போடலாம். ஆனால் எந்த வட்டை, எந்தப் பவுச்சில் என்று பார்க்க வேண்டும்.

புது பாக்ஸ் வாங்கும்போது எல்லாரும் மூடி பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் நடுவில் இருக்கும் பல்லைப் பாருங்கள். வட்டின் ஓட்டை 15 மில்லிமீட்டர். அதைக் கவ்வும் பல் இறுக்கமாக இருந்தால், விளிம்பைப் பிடித்து வட்டை வளைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. தினமும் வளைத்தால் ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் விடும். அது மெல்லப் பதிவு இருக்கும் பகுதி வரைக்கும் ஓடினால் அந்த வட்டு அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகும்போது வேண்டாத வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பாக்ஸில் மாட்டித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள்; விழக் கூடாது. அப்புறம் கட்டைவிரலால் நடுப்பல்லை அழுத்துங்கள். வட்டு சுலபமாக மேலே எழும்ப வேண்டும். இரண்டிலும் தேறினால் டஜனாக வாங்கலாம். பாரிமுனைப் பக்கம் பழைய ஸ்டாக்காகக் கிடைப்பதில் வெயில் பட்டு மொறுமொறுப்பான பல்லும் இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு மொத்தக் கட்டையும் வாங்காதீர்கள்.

அடுத்து அளவு. பாட்டு சிடி வரும் கண்ணாடி பாக்ஸ் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். ட்ரேயைக் கழற்றினால் அடியில் பாட்டுப் பட்டியல் அச்சடித்த அட்டை இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த 5 மில்லிமீட்டர் ஸ்லிம் பாக்ஸ் வாங்கினால் அந்த அட்டைக்கு இடமே கிடையாது. கம்பெனி சிடிக்கு ஸ்லிம் வேண்டவே வேண்டாம் என்பேன். அட்டையும் முன்பக்கப் புத்தகமும் போய்விட்டால் பாடியவர் யார், எழுதியவர் யார் என்பதும் கூடவே போய்விடும். வீட்டில் ரைட் பண்ணிய வட்டுக்கு ஸ்லிம் போதும். டிவிடியிலும் இதே கதைதான்: 14 மில்லிமீட்டர் பாக்ஸின் கவரை 7 மில்லிமீட்டர் பாக்ஸில் நுழைத்தால் முதுகில் இருக்க வேண்டிய படப்பெயர் மடிந்து பின்னால் போய்விடும். புளூரே பாக்ஸ் உயரம் குறைவு, டிவிடி கவர் அதில் நிற்காது.

மூடி மட்டும் உடைந்திருந்தால் புதிதே வாங்க வேண்டாம். கண்ணாடி பாக்ஸ்கள் பெரும்பாலும் ஒரே அளவு. வேறொரு பாக்ஸின் மூடியை எடுத்து மாட்டிவிடலாம்.

இப்போது பவுச். புது ரெயின்கோட் மாதிரி வாசனை அடித்தால், விரலில் லேசாக ஒட்டினால், அது பிவிசி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து வட்டில் மங்கலாகப் படியும். சில சமயம் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். கசக்கினால் சரசரக்கும், வாசனை இருக்காது. ஒரு பக்கம் துணி மாதிரி இருந்தால் எழுத்தில்லாத பக்கம் துணியைப் பார்த்து இருக்கட்டும். பவுச்சைத் திணித்து நிரப்பாதீர்கள்.

சிடியில் எழுத்துப் பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான், மெல்லிய வார்னிஷுக்குக் கீழே இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்று கம்பிக் கதவையே தின்கிறது. வார்னிஷ் கீறிய இடத்தில் பூச்சு மட்டும் தப்புமா? வட்டை பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து மாதிரி வெளிச்சம் தெரிந்தால் பாக்ஸ் மாற்றுவது இருக்கட்டும், அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள்.

கல்யாண டிவிடி தனி விஷயம். ஸ்டுடியோவில் தரும் ரெக்ஸின் பெட்டிக்குள் வட்டைப் பிடிக்க ஸ்பாஞ்ச் பொட்டு ஒட்டியிருப்பார்கள். நாளாக நாளாக அது உதிர்ந்து பிசினாகிவிடும். பெட்டியை நினைவுக்கு வைத்துக்கொண்டு, வட்டை மட்டும் கறுப்பு டிவிடி பாக்ஸுக்கு மாற்றுங்கள். ரைட் பண்ணிய வட்டுக்கு வெளிச்சம் ஆகாது, கறுப்பு பாக்ஸ் நல்லது. வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். பெயரையும் தேதியையும் பாக்ஸின் முதுகில் எழுதுங்கள்.

மாற்றிய பாக்ஸ்களைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள். ஒரு அடி அலமாரியில் சிடி பாக்ஸ் 29 நிற்கும், டிவிடி பாக்ஸ் 21. பீரோவில் வைப்பதானால் பாச்சா உருண்டையை வேறு தட்டுக்கு அல்ல, வேறு பீரோவுக்கே மாற்றுங்கள். அதன் ஆவி கண்ணாடி பாக்ஸின் பிளாஸ்டிக்கை இளக்கும். வியாசர்பாடி மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள்.