அரிய தமிழ்ப் பெயர் தேடும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குப் பெயர் தேடித் தருமாறு உறவினர்களும் நண்பர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டு வருகிறார்கள். தமிழாக இருக்க வேண்டும், சொல்ல இனிமையாக இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் இருக்கக் கூடாது என்பவையே பெரும்பாலும் அவர்கள் சொல்லும் நிபந்தனைகள். இந்த வேலையில் இறங்கிய புதிதில் நான் இடறிய இடங்களிலேயே இப்போது பெற்றோராகும் இளையவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கில் இருக்கும் பெயருக்கு எழுத்துக்கூட்டல், பொருள், ஒலிப்பு, அது ஆண்பெயரா பெண்பெயரா என்ற தெளிவு ஆகிய அனைத்தும் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. முருகன் என்றோ கவிதா என்றோ சொன்னால் எந்த எழுத்தரும் மறுபடி கேட்பதில்லை. அரிய பெயருக்கு அந்த வசதி கிடையாது. வழக்கு தானாகச் செய்து தரும் வேலைகளையெல்லாம் பெற்றோரே முன்கூட்டிச் செய்தாக வேண்டும். வீட்டுப் பெரியவர்களைக் கலந்து பேசுங்கள், கேலிக்கு இடம் தரும் பெயரைத் தவிருங்கள் என்பன போன்ற, எல்லோரும் அறிந்த அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பட்டியல் சொல்லும் பொருளை நம்பிவிடுவது

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "அழகானவள்", "அறிவுடையவன்", "ஒளி மிக்கவள்" என்று ஏதாவது ஒன்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பல பெயர்களுக்கு விடை கிடைக்காது. ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியல் படியெடுக்க, அதிலிருந்து மூன்றாவது ஒன்று படியெடுக்க, இல்லாத பொருளும் நாளடைவில் உண்மை போல நிலைத்துவிடுகிறது.

சங்க இலக்கியத்தை நேரே திறப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் பெயர்கள் அரிய பெயர் தேடுவோருக்குப் பெரும் புதையல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மௌவல், அதிரல், செருந்தி, பிடவம், வானி ஆகியவற்றை யார் கேட்டாலும் மகிழ்ச்சியுடன் சொல்வேன். ஆனால் அதே வரிசையில் நறவம் என்ற பூவும் இருக்கிறது. நறவு என்றால் சங்கப் பாடல்களில் பல இடங்களில் கள். எருவை அங்கே பூவாக வருகிறது. வேறு பாடல்களில் அது பிணந்தின்னும் கழுகு. நெய்தல் கடற்கரைத் திணைக்குப் பெயர் தந்த அழகிய மலர். புறநானூற்றின் 194ஆம் பாடலில் "ஓரில் நெய்தல் கறங்க" என்று வருமிடத்தில் அதுவே சாவு வீட்டில் ஒலிக்கும் பறை. இதனால் நெய்தல் என்று பெயர் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை அறிந்து வைப்பதும், பெண் வளர்ந்து பள்ளியில் அந்தப் பாடலைப் படித்துவிட்டு வந்து கேட்கும்போது திகைப்பதும் வேறு வேறு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இன்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். மனத்துக்குப் பிடித்த பெயரை அதில் எடுத்து, முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசிப் பொருள் வரை படியுங்கள். பிறகு அந்தச் சொல் வரும் ஒரு பாடலையாவது உரையுடன் படியுங்கள். எழிலி என்ற பெயரை "அழகி" என்று விளக்கும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். எழிலி என்பது மேகம். "தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்" என்று திருக்குறளின் 17ஆம் குறள் மழைமுகிலைத்தான் சொல்கிறது. உண்மையான பொருள் பட்டியலின் பொருளைவிட எவ்வளவோ உயர்ந்தது என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது.

நட்சத்திர எழுத்துக்காகச் சொல்லை உடைப்பது

நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று கருதும் குடும்பங்கள், வரிசையில் உள்ள நான்கு எழுத்துகளில் பாதத்துக்கு உரிய ஒன்றையே பிடித்துக்கொண்டு திணறுகின்றன. உத்திர நட்சத்திரத்துக்கு டே, டோ, ப, பி என்ற எழுத்துகளைச் சொல்வார்கள். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. எனவே டே, டோ ஆகியவற்றில் தூய தமிழ்ப் பெயரைத் தேடுவது வீண் உழைப்பு. அப்படித் தேடிக் கிடைக்காமல், நல்ல சொல்லொன்றின் முன்னால் ஓர் எழுத்தை ஒட்டவைத்துப் புதுப்பெயர் உண்டாக்குகிறார்கள். அதற்குப் பொருளும் இல்லை, ஓசையும் இல்லை. அந்த நான்கில் பகரத்தை எடுத்தால் பாவை, பரிதி, பனிமொழி என்று எத்தனையோ பெயர்கள் காத்திருக்கின்றன.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். பிற தவறுகள் மனக்குறையோடு முடிந்துவிடும். இந்தத் தவறு குழந்தையை ஆவணந்தோறும் பின்தொடரும். எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர் இதைச் சிறிய செய்தியாகவே எடுத்துக்கொள்வது எனக்கு இன்றும் எரிச்சலைத் தருகிறது.

தமிழில் பெயரை மாதக்கணக்கில் தேடித் தேர்ந்தெடுப்பவர்கள், அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பதிவு அலுவலகத்தின் சன்னலருகே நின்றுகொண்டு முடிவு செய்கிறார்கள். சில நேரங்களில் அந்த முடிவைக்கூட எழுத்தரிடம் விட்டுவிடுகிறார்கள். நமது எழுத்துமுறையில் தகரம் ஒன்றே. ஆங்கிலத்தில் அதற்கு "டி", "டி எச்" என்று தொடங்கிப் பல வழிகள் உண்டு. குறிலையும் நெடிலையும் ஆங்கில எழுத்து தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. கீழடிப் பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறிப்பாகக் கிடைத்த ஆதன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்துக்கு ஒரு "ஏ" போடுவதா, இரண்டு போடுவதா என்பதில் இரண்டு வழி. நடுவில் உள்ள தகரத்துக்குக் குறைந்தது மூன்று வழி. மூன்று எழுத்துப் பெயருக்கே ஆறு எழுத்துக்கூட்டல்கள் வந்துவிட்டன.

ழகரம் இதைவிடக் கடினமானது. "இசட் எச்" என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆலப்புழையை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பழனியையும் தமிழ் என்ற சொல்லையுமே "எல்" என்ற எழுத்தால்தான் எழுதுகிறோம். "எல்" போட்டால் தமிழறியாதவர் லகரமாகப் படிப்பார். "இசட் எச்" போட்டால் ஜகரத்துக்கு அருகில் ஏதோ ஓர் ஒலியாகப் படிப்பார். இரண்டிலும் குறை இருக்கிறது, எனவே எந்தக் குறையோடு வாழ்வது என்று பெற்றோர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். இதில் அரசுக்கே சிக்கல் வந்தது. 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நூற்றாண்டுகளாக ஆவணங்களில் இருக்கும் ஊர்களுக்கே இந்த நிலை என்றால், உங்கள் குழந்தைக்கு மட்டும் புதிதாக வந்திருக்கும் பெயருக்கு எந்த வழக்கு துணை நிற்கும்?

எழிலி என்று மகளுக்குப் பெயர் வைத்த ஒரு தம்பதியின் கதையை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பிறப்புச் சான்றிதழில் "இசட் எச்" வைத்து எழுதியிருந்தார்கள். ஆதார் பதிவின்போது குழந்தையை வேறொருவர் அழைத்துச் செல்ல, அங்கே காதில் விழுந்தபடி "எல்" எழுத்தால் பதிவானது. பள்ளியில் சேர்த்தபோது கடைசி எழுத்துக்கு இரண்டு "ஈ" சேர்ந்துகொண்டது. மூன்றும் ஒரே பெயர்தானே என்று அவர்கள் அமைதியாக இருந்தார்கள். தந்தைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் புறப்பட வேண்டிய நிலையில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான், கணினியின் பார்வையில் அவை மூன்று பெயர்கள் என்பது புரிந்தது. தந்தை முதலில் போக, தாயும் மகளும் ஆவணங்களைத் திருத்திக்கொண்டு நெடுநாள் கழித்தே போய்ச் சேர்ந்தார்கள். இதற்கிடையே பள்ளியில் அந்தக் குழந்தையை "எலிலி" என்று அழைத்து, அதைச் சுருக்கி "எலி" என்றும் ஆக்கியிருந்தார்கள். முகிலைக் குறிக்கும் பெயர் இப்படி ஆனதற்கு அந்தப் பெயர் காரணமில்லை. பதிவுக்கு முன்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும்.

அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை என்பதுதான் என் ஆற்றாமைக்கு இன்னொரு காரணம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டியது பிறப்பைத்தான். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இன்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னரும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க இடமுண்டு. ஆனால் ஒருமுறை சேர்த்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. எழுத்தர் செய்த பிழையைத் திருத்த வழியுண்டு. பெற்றோர் மனம் மாறியதற்கு அதே அளவு எளிய வழி கிடையாது. ஆதாரிலும் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் 2 முறை மட்டுமே மாற்ற முடியும். 2023 அக்டோபர் 1ஆம் நாளோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு பெற, பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஏற்கப்படுகிறது. ஆகவே அந்தச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலே இனி வேர்.

நான் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. பெயருக்கு உரிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ் தெரியாத இருவர் மூவரிடம், எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லாமல், அவற்றைப் படிக்கச் சொல்லுங்கள். எது மூல ஒலிக்கு மிக அருகில் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சமமாக இருந்தால் எழுத்து குறைவானதே நல்லது. அந்த எழுத்துக்கூட்டல் வேறு மொழியில் தகாத சொல்லாக இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். முடிவானதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாய், தந்தை, தாத்தா, பாட்டி என்று குழந்தையை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லக்கூடிய ஒவ்வொருவரிடமும் ஒரு படி கொடுத்துவையுங்கள். வாயால் சொல்லிப் பதிவு செய்ய ஒருபோதும் விடாதீர்கள். அச்சாகும் முன் திரையில் சரிபார்க்கக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீளத்தை மறப்பது

கடவுச்சீட்டில் கணினி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்களே உள்ளன. முன்னெழுத்தை அங்கே விரித்து எழுத வேண்டியிருப்பதால் தந்தையின் பெயரும் அதற்குள் அடங்க வேண்டும். செம்பியன்மாதேவி போன்ற பெயரை விரும்புவோர் இரண்டையும் சேர்த்து எழுதி எண்ணிப் பாருங்கள்.

முன்னெழுத்தோடு சேர்த்துப் படிக்காமல் இருப்பது

"அ" என்ற முன்னெழுத்தோடு தர்மன் என்ற பெயர் சேர்ந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பதிவுக்குப் பிறகு எண் கணிதம் பார்ப்பது

பார்ப்பவர்கள் பதிவுக்கு முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும். பின்னர் ஒரு "எச்" சேர்ப்பதென்றாலும் அது அரசிதழ் வரை போக வேண்டிய வேலையாகிவிடும்.

அரிய பெயரைச் சான்றிதழில் மட்டும் வைத்திருப்பது

நல்ல பெயரைத் தேடிப் பதிவு செய்துவிட்டு, வீட்டில் அம்மு என்றோ பாப்பா என்றோ மட்டுமே அழைக்கும் குடும்பங்கள் பல. வழக்கமான பெயர் என்றால் குழந்தை அதை வெளியிலாவது கேட்டிருக்கும். அரிய பெயரை வீட்டில் சொல்லாவிட்டால் அது வேறெங்கும் காதில் விழாது. பள்ளியின் முதல் நாளில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது அந்தப் பெயர் தன்னுடையது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்த குழந்தைகளை எனக்குத் தெரியும். செல்லப் பெயர் இருக்கட்டும். பதிவுப் பெயரையும் நாள்தோறும் சொல்லி அழையுங்கள். அதை ஒலிக்க இயலாமல் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறுகிறார்களா என்பதைப் பெயரை முடிவு செய்யும் முன்பே, அவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ழகரம் வராத வீட்டில் எழிலியை ஓராண்டுக் காலம் "எளிலி" என்று எல்லோரும் அழைத்தால், குழந்தையும் தன் பெயரை அப்படியே சொல்லப் பழகிவிடும். அத்தகைய வீட்டுக்கு ழகரம் இல்லாத வேறொரு பெயரையே நான் தேடித் தருவேன்.