ஸ்டைல் மாறும்போது தொலையும் ஒன்றரை மணி நேரம்: சிறு தையல் யூனிட்டில் தொடர் மேம்பாட்டைத் தொடங்கும் முறை

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் ஒன்றை நடத்துகிறேன். ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைப்பது) 5, பேட்லாக் (மடித்த ஓரத்தைத் தட்டையாகத் தைப்பது) 4, சிங்கர் (நேர்த்தையல் போடுவது) 3 என்று மொத்தம் 12 மெஷின்கள். (லாக்ஸ்டிட்ச் மெஷினை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் இங்கே சிங்கர் என்றே சொல்வோம்.) டெய்லர்களுக்கு பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி), அவர்களுக்கு உதவும் கைமடி ஆட்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் ஷிப்ட் சம்பளம். புதிய மெஷின் எதுவும் வாங்காமல், ஆளும் கூட்டாமல், ஒரு ஸ்டைலிலிருந்து (ஆடை மாடலிலிருந்து) அடுத்த ஸ்டைலுக்கு மாற எடுத்துக்கொண்ட நேரத்தை ஐந்து மாதங்களில் 95 நிமிடத்திலிருந்து 38 நிமிடமாகக் குறைத்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதையும், தொடக்கத்தில் நான் எங்கே தவறினேன் என்பதையும் வரிசையாக எழுதுகிறேன். தையல் தொழிலில் இல்லாதவர்களும் தங்கள் தொழிலுக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம்.

சிறு சிறு திருத்தங்களால் தொடர்ந்து மேம்படுத்தும் இதற்குக் கைசென் என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘கை’ என்றால் மாற்றம், ‘சென்’ என்றால் நன்மை. டொயோட்டா நிறுவனம் தொழிலாளர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் முறையை 1951இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் பார்த்த யோசனை முறைதான் அதற்கு முன்மாதிரி. தமிழ்நாட்டிலும் இது புதிதன்று: சென்னை பாடியில் இயங்கிவந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றது. அவையெல்லாம் பெரிய ஆலைகள், நமக்கு ஒத்துவராது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு சொல்லை முதலிலேயே விலக்கி வைத்துவிடுகிறேன். தினமும் 1 சதவீதம் முன்னேறினால் ஓராண்டில் ஏறத்தாழ 37 மடங்கு முன்னேறலாம் என்று பலரும் மேடைகளில் சொல்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும்; ஆனால் 12 மெஷின் வைத்திருப்பவர் ஓராண்டில் 37 மடங்கு பீஸ் தைத்து அனுப்ப முடியாது. உண்மையில் நடப்பது, ஒரு வாரம் நான்கு நிமிடம் குறையும், அடுத்த இரண்டு வாரம் எதுவும் குறையாது, பிறகு ஒரே நாளில் பதினைந்து நிமிடம் குறையும், அதில் பாதி திரும்பியும் வந்துவிடும்.

படி 1: எந்த நேரத்தைக் குறைப்பது என்று முடிவு செய்யுங்கள்

நான் இடறி விழுந்தது இந்தப் படியில்தான், ஆகையால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நான் தையல் வேகத்தைத்தான் அளந்தேன். கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ஷோல்டர் அடிக்கும் டெய்லரின் பின்னால் நின்று, ஒரு பீஸுக்கு எத்தனை வினாடி என்று இரண்டு நாள் குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் எண்கள் முதல் நாளைவிட மோசமாக இருந்தன. மூன்றாம் நாள் யூனிட் முழுவதுமே மெதுவாகிவிட்டது. நூல் அறுகிறது, ஊசி உடைகிறது, துணி சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாலையில் டீ குடிக்கும்போது, எங்களிடம் வெகுகாலமாக வேலை செய்யும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: “ஏனுங்ணா, நாங்க வெரசா தெச்சுக் காட்டுனா அடுத்த ஆர்டர்ல ரேட்டக் கொறைப்பீங்க, அதுக்குத்தானுங்க இந்த வாட்சு?”

எனக்கு அந்த எண்ணம் இல்லை என்று சொன்னேன். ஆனால் அவர் முன்பு வேலை செய்த இடத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருவருடைய வேகத்தை அளந்தால் அவருடைய கூலியை அளப்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது. அதன்பிறகு ஒரு மாதம் நான் எதையும் அளக்கவில்லை.

பிறகு யோசித்ததில் ஒன்று புரிந்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு மெஷின் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சொந்த நஷ்டம். ஸ்டைல் மாறும் 95 நிமிடமும் அவருக்குக் காசு கிடையாது. எனக்கோ வாடகை, ஷிப்ட் சம்பளம், அனுப்ப வேண்டிய தேதி என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். 12 பேர் 95 நிமிடம் சும்மா நின்றால் 19 மணி நேரம் போகிறது. அதாவது ஒரு மாற்றத்துக்கு இரண்டு ஆள் ஷிப்டுக்கும் மேல்; வாரத்துக்கு இரண்டு மாற்றமாவது எங்களுக்கு உண்டு. இந்த நேரத்தைக் குறைத்தால் யாருக்கும் வருமானம் குறையாது, எல்லோருக்கும் கூடும்.

ஆகவே தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: குறைத்தால் இரு தரப்புக்கும் லாபம் தரும் விரயம் ஒன்றை முதலில் தேடுங்கள். அது காத்திருப்பாக, தேடுவதாக, ஆல்டர் (தவறாகத் தைத்த) பீஸைப் பிரித்துத் திரும்பத் தைப்பதாக இருக்கலாம். உழைப்பவரின் கை வேகத்தைத் தொடாதீர்கள்.

படி 2: எப்போதும் ஒரே மாதிரி அளந்து வாருங்கள்

பழைய ஸ்டைலின் கடைசி பீஸ் லைனைவிட்டு வெளியே வருவதிலிருந்து, புதிய ஸ்டைலின் முதல் பீஸ் செக்கிங்கில் தேறுவது வரை எவ்வளவு நேரம் என்பதே எங்கள் அளவு. “தேறுவது வரை” என்பதை விட்டுவிடாதீர்கள். முதல் பீஸ் தைத்து முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்தினால், பிறகு அந்த பீஸ் ஆல்டருக்குத் திரும்பும் நேரம் கணக்கில் வராது.

ஆறு மாற்றங்களை எதையும் திருத்தாமல் அப்படியே குறித்தோம். சராசரியாக 95 நிமிடம். நூல் கோன், ஃபோல்டர் (துணி ஓரத்தை மடித்துத் தரும் கருவி), லேபிள் ஆகியவற்றைத் தேடுவதில் 31, நூல் மாற்றுவதில் 22, மெஷின்களை இடம் மாற்றுவதில் 14, முதல் பீஸுக்கு ஒப்புதல் வாங்குவதில் 28. தேடுவதற்கு அரைமணி நேரம் போகிறது என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

குறிப்பதற்கு எதைப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்கு: 80 பக்க கோடு போட்ட நோட்டும் ஒரு பேனாவும் போதும். இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. இரண்டைப் பணம் கட்டிப் பார்த்துவிட்டேன். அவற்றில் எண்களை ஏற்றும் ஆள் நான் ஒருவன்தான், பார்க்கும் ஆளும் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. நோட்டை டீ மேசை மேல் வைத்தால் எல்லோரும் புரட்டுகிறார்கள், தப்பாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்துகிறார்கள். எக்செல் எல்லாம் மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: மெஷின் நிற்க வேண்டிய வேலை, நிற்க வேண்டாத வேலை

இந்தப் பிரிவினையை உலகுக்குச் சொன்னவர் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றின் டையை (உலோகத் தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை) மாற்ற 4 மணி நேரம் ஆயிற்று. அதை முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார்கள். மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யும் வேலைகளில் எவற்றை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து முடிக்கலாம் என்ற ஒரே கேள்விதான் அதற்கு அடிப்படை.

எங்கள் 95 நிமிடத்தை இந்தக் கண்ணோடு பார்த்தபோது, மெஷின் உண்மையிலேயே நிற்க வேண்டிய வேலை நூல் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் மட்டுமே என்று தெரிந்தது. மற்ற 59 நிமிட வேலையும் முந்தின நாளே முடித்து வைக்கக்கூடியது. ஒப்புதலுக்கான முதல் பீஸை, கட்டிங் பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வந்த அன்று மாலையே ஒரு டெய்லர் தனியாக உட்கார்ந்து தைத்துவிடுகிறார். அதற்கு பீஸ் ரேட் இல்லாமல் மணிக் கணக்கில் கூலி கொடுக்கிறேன். மறுநாள் லைனில் வரும் முதல் பீஸை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் 9 நிமிடம் ஆகிறது.

படி 4: ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம்

ஒரே மாற்றத்தில் நான்கு திருத்தங்களைப் புகுத்தினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பொறுமை இருப்பதில்லை, எனக்கும் இருக்கவில்லை.

நூல் விஷயத்தை உதாரணமாகச் சொல்கிறேன். நான்கு நூல் ஓவர்லாக்கில் பழைய நூலை உருவி எறிந்துவிட்டு, லூப்பர் (ஊசிக்குக் கீழே நூலை வளைத்துப் பின்னும் கொக்கி) இரண்டுக்கும் முதலிலிருந்து நூல் கோர்ப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. அவ்வாறு செய்யாமல், பழைய நூலைக் கோனுக்கு அருகில் வெட்டி, அதன் முனையில் புதிய நூலைச் சிறு முடிச்சாகக் கட்டி, டென்ஷனை (நூல் இறுக்கத்தை) தளர்த்தி, துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மெதுவாக இழுத்தால் முடிச்சு லூப்பர் வழியாக வெளியே வந்துவிடும். ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும். டென்ஷனைத் தளர்த்த மறந்தால் நூல் அறுந்து, மிச்சம் பிடித்த நேரத்தைப் போல இரு மடங்கு போய்விடும். தளர்த்துவதற்கு முன் டயல் எந்த எண்ணில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அனுபவசாலிகளுக்கு இது தெரிந்த வித்தைதான். எங்கள் யூனிட்டிலும் இரண்டு பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யாரும் கேட்காததால் அவர்கள் சொல்லவில்லை. 22 நிமிடம் 11 ஆயிற்று.

மெஷின்களை நகர்த்தும் 14 நிமிடத்தில் எங்களால் 2 நிமிடம்தான் குறைக்க முடிந்தது. ஒயரிங்கை மாற்றாமல் அதற்கு மேல் வழியில்லை. விட்டுவிட்டோம்.

படி 5: எழுதி ஒட்டுங்கள், பலனைப் பகிருங்கள்

பலன் தந்த திருத்தத்தை இரண்டு வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு படமும் சேர்த்து, அந்த மெஷினுக்கு எதிரிலேயே ஒட்ட வேண்டும். அலுவலக அறையில் ஒட்டினால் கணக்கர் மட்டும்தான் படிப்பார். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் எழுத்தைவிடப் படமே உதவும்.

ரேட் விஷயத்தில் நான் கொடுத்த வாக்கையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்: ஸ்டைல் மாற்றத்தில் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி எந்த ஆர்டருக்கும் பீஸ் ரேட்டைக் குறைக்க மாட்டேன். யோசனை சொல்பவருக்குப் பரிசு என்று அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யோசனை யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சுகிறது. அதற்குப் பதிலாக, சொன்ன யோசனையை மூன்று நாளுக்குள் சோதித்துப் பார்ப்பது அல்லது ஏன் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

பின்னர் சேர்த்தது 1

பேக்கரி நடத்தும் ஒருவர், தன்னிடம் ஸ்டைல் மாற்றமே கிடையாதே, எதை அளப்பது என்று கேட்டார். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து முதல் தட்டு உள்ளே போகும் வரை எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறிக்கச் சொன்னேன். அடுப்பு சூடேறிய பிறகும், மாவு இன்னும் பொங்கவில்லை என்று காலி அடுப்பு எரிந்துகொண்டிருந்ததை அவரே கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு மிச்சமானது எரிவாயு.

பின்னர் சேர்த்தது 2

தீபாவளி விடுமுறைக்குப் பின் பாதிப் பேர் திரும்பவில்லை, புதியவர்கள் வந்தார்கள். 38 நிமிடம் மறுபடி 60 ஆகிவிட்டது. ஒட்டிய தாள்கள் அப்படியே இருந்தன, ஆனால் அடுத்த ஸ்டைலுக்கான கோன்களை முந்தின நாள் எடுத்து வைப்பதற்கென்று ஒதுக்கிய ஸ்டாண்டில் கோன் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தட்டுகளிலும் டிபன் பாக்ஸ்களும் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், கேட்ட மாதிரி தெரியவில்லை. சாப்பாட்டை வைக்க அவர்களுக்கு வேறு இடமே நான் கொடுக்கவில்லை என்பதைக் கைமடி வேலை செய்யும் அக்காதான் சொன்னார். கதவோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தோம். கோன் ஸ்டாண்டின் தட்டுகளில் கோன் செருகும் அளவுக்கு மரக்குச்சிகளை வரிசையாகப் பதித்துவிட்டோம். இப்போது டிபன் பாக்ஸை வைத்தால் நிற்காது. கடைசியாக நடந்த மாற்றத்துக்கு 41 நிமிடம் ஆனது. மீதி 3 நிமிடத்தை நோட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.