கிளிக் வராத பெரிய டார்க் ரெஞ்ச்

புதுப்பேட்டையில் முக்கால் இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ள டார்க் ரெஞ்ச், அதாவது ஸ்கேலில் வைத்த முறுக்குவிசை வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பானர் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஸ்கேலில் எழுத்துகூட அழியவில்லை. ஆனால் 200 நியூட்டன் மீட்டர் வைத்து இழுத்தால் முதல் தடவை கிளிக்கே வராது, நட்டு இறுகிக்கொண்டே போகும். தொடர்ந்து இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரம் வரும். ஸ்பிரிங் போச்சு என்றார் தெரிந்த மெக்கானிக். ஸ்பிரிங் தளர்ந்தால் கிளிக் முன்னாடியே வரவேண்டுமே, இது பின்னாடியல்லவா வருகிறது! துரு ஸ்பிரே அடித்தேன், மறுநாளே பழைய கதை.

கடைசியில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் நட்டு இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கழற்றினேன். உள்ளே கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது; கிளிக்கைப் பிடித்துவைத்தது அதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவி, நட்டைக் குறித்த இடத்துக்கே கொண்டுவந்தேன்.

அப்புறம் சோதனை. டிரைவை வைஸில் பிடித்து, ரெஞ்சைப் படுக்கையாக நிறுத்தி, 80 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் 196 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்கவேண்டும், இதைப் பலர் விட்டுவிடுவார்கள்: 6 கிலோ, சமநிலைப் புள்ளி 40 செ.மீ.யில், அது ஒரு 24. மொத்தம் 220. ஸ்கேலை 215-இல் வைத்தால் கிளிக், 225-இல் இல்லை. இந்த அளவில் இறுக்கும் வீல் நட்டுக்கு இது போதும். இன்ஜின் ஹெட் போல்ட் என்றால் லேபில் கொடுத்துக் காலிபரேட் செய்துவிட்டுத்தான் தொடுவேன்.