"அத்தை, அடுத்து என்ன படிக்கட்டும்?" புத்தகம் எடுத்துக் கொடுப்பது எப்படி

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் புத்தகம் மாற்றிக்கொள்ள என் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, நிறையத் தப்பும் செய்து, ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. புத்தகம் எங்கே கிடைக்கும், நூலக அட்டை எப்படி எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. பாதியில் மூடியதைக் கேளுங்கள்

"எது பிடிக்கும்?" என்று கேட்டால் ஹாரி பாட்டர் என்றுதான் பதில் வரும், படம் மட்டும் பார்த்த பிள்ளையிடமிருந்தும். "எதைப் பாதியில் மூடினாய், எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். எட்டாவது படிக்கும் ஒரு பையன், "முதல் பக்கத்துல மேப்பைப் பார்த்ததுமே மூடிட்டேன் அத்தை" என்றான். புது உலகம், வாயில் நுழையாத பெயர்கள், நாலு தலைமுறை ராஜாக்கள் எதுவும் அவனுக்கு ஆகாது என்று புரிந்தது. காத்தரின் ரண்டெலின் 'தி எக்ஸ்ப்ளோரர்' (2017) கொடுத்தேன். அமேசான் காட்டில் விமானம் விழுந்து நாலு பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் கதை. அதிலும் ஒரு மேப் வரும், ஆனால் அதைக் கதையில் வரும் பிள்ளைகளே கண்டெடுப்பதால் அவனுக்கு உறுத்தவில்லை.

2. வயது (நான் வழுக்கி விழுந்த இடம்)

'யங் அடல்ட்' என்றால் ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை, அதற்குக் கீழே 8 முதல் 12 வரை 'மிடில் கிரேட்' என்பது பதிப்பகங்களின் கணக்கு. நான் பார்த்த கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் கலந்துதான் இருக்கும். இந்தப் பிரிவினையே எனக்கு அப்போது தெரியாது. பத்து வயதுப் பெண், இங்கிலீஷ் கடகடவென்று படிப்பாள், அக்கா படித்ததுதான் வேண்டும் என்று நின்றாள், சரி என்று சுசேன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) எடுத்துக் கொடுத்துவிட்டேன். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வைக்கிற கதை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்து, "என்னக்கா, ராத்திரி லைட்டை அணைக்கவே விடமாட்டேங்கறா" என்றார். அருமையான நாவல்தான், இரண்டு வருடம் முந்திக் கொடுத்தது என் தப்பு.

வேகமாகப் படிக்கிற பிள்ளை எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது முதலில் கதாநாயகரின் வயதைப் பார்க்கிறேன். தன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவரின் கதை பிள்ளைகளுக்கு ஒட்டும். நாயகிக்கு 16 என்றால் பத்து வயதுக்கு யோசித்துத்தான் கொடுப்பேன். அப்புறம் காமன் சென்ஸ் மீடியா தளத்தில் தலைப்பைத் தேடினால் வன்முறை, காதல், கெட்ட வார்த்தை எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள். நட்சத்திரங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், தரத்துக்குப் போடுகிற மதிப்பெண் அது, வயதுக்கு அல்ல.

அந்தப் பெண்ணுக்கு 'ஹங்கர் கேம்ஸு'க்குப் பதிலாகக் கொடுத்தது ரோஷனி சோக்‌ஷியின் 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' (2018). அட்லாண்டாவில் ஒரு மியூசியத்தில் வளரும் 12 வயது ஆரு, ஏற்றக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள், தான் பாண்டவர்களில் ஒருவரின் மறுபிறவி என்று தெரிகிறது. "பாண்டவர்கள் பொண்ணுங்களா அத்தை!" என்று ஓடி வந்தாள். ஐந்து பாகம், எனக்கு மூன்று மாதம் நிம்மதி.

3. வரிசை

புதிதாக வந்ததைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். காலின்ஸின் 2025 நாவல் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' அதே 'ஹங்கர் கேம்ஸ்' உலகில் வருடாவருடம் நடக்கும் களப் போட்டிகளில் 50ஆவதைச் சொல்கிறது, 2020இல் வந்த நாவல் 10ஆவது போட்டி, முதல் புத்தகமோ 74ஆவது. கதைக்காலப்படி அடுக்கிக் கொடுத்தால் முதல் புத்தகத்தில் மெதுவாக அவிழ வேண்டிய முடிச்சுகள் முன்பே அவிழ்ந்துவிடும். வெளிவந்த வரிசையிலேயே கொடுங்கள்.

4. கதையைச் சொல்லாதீர்கள்

முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டி நிறுத்துங்கள். கையில் புத்தகம் இல்லையென்றால் கிண்டிலில் இலவச மாதிரிப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் போதும். ஐந்தை நீட்டினால் எதையும் எடுக்காமல் போய்விடுவார்கள், பார்த்திருக்கிறேன். யாருக்கு எது, எந்தப் பக்கத்தில் மூடினார்கள் என்பதைக் குறித்துவைக்க நாற்பது பக்க நோட்டுதான் வைத்திருக்கிறேன். செயலிகள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன், மூன்றையும் அழித்துவிட்டேன்.

5. தமிழில்

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைத் தொட்டு எழுதிய இளையோர் நாவல், 2023இல் பால சாகித்திய புரஸ்கார் (சாகித்திய அகாடமியின் சிறார் இலக்கிய விருது) பெற்றது. 2025இல் அந்த விருது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் தமிழில் தடுக்கித் தடுக்கித்தான் படிப்பார்கள், முதல் அத்தியாயத்தை நீங்களே படித்துவிடுங்கள். சென்னையில் நடக்கிற கதை வேண்டும், இங்கிலீஷ் ஆனாலும் சரி என்பவர்களுக்குப் பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019). பாலத்தில் குடியிருக்கும் நாலு பிள்ளைகள். அழவைக்கும், முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "என் பையன் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) மட்டும்தான் தொடுகிறான், எந்தப் படியிலிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டிருந்தார். முதல் படிதான். எந்த மாங்காவைப் பாதியில் விட்டான் என்று கேளுங்கள்.

இன்னொன்று: புத்தகம் திரும்பி வரும்போது "படிச்சியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள் என்று ஒரு வாசகி எழுதினார். உண்மை. நான் கேட்கிற அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு பையன் மூன்று வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை.