வயலுக்குப் போகும் விமானி மாணவர்: கோடை விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் மாமாவின் நிலமோ சித்தப்பாவின் குத்தகை நிலமோ இன்னும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வயலில் இறங்கிவிடலாம். கோடையில் அங்கே வேலைக்கும் குறைவில்லை. நவரை நெல்லின் அறுவடை முடியும்போதே சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழவு தொடங்கிவிடுகிறது. விமானிப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் பிள்ளை அந்த இரண்டு மாதம் வயலில் வேலை செய்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வயலில் கால் வைத்த நாளிலிருந்து பயிற்சிக்கு விடுமுறை என்று நினைத்துக்கொள்வதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன. வயலில் உழைக்கும் அதே கண்ணையும் காதையும் நரம்பையும்தான் மருத்துவச் சான்று வழங்கும் மருத்துவர் பின்னர் சோதிக்கப் போகிறார்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும் என்பதும், எழுத்துத் தேர்வுகளில் நூற்றுக்கு 70 பெற வேண்டும் என்பதும் மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இவற்றில் குறை நேர்ந்தால் மறுபடியும் பறக்கலாம், மறுபடியும் எழுதலாம். வணிக விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சான்று அப்படிப்பட்டதன்று. நாற்பது வயதுக்கு உட்பட்டவர் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் ஏற்படும் சில குறைகளை எவ்வளவு படித்தாலும் ஈடுகட்ட முடியாது.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வயலில் மிக எளிதாகவும் மிக வேகமாகவும் கெடுவது அதுதான். நெல் தாளின் ஓரம் ரம்பத்தைப் போன்றது. களை எடுக்கக் குனிபவரின் விழியில் அது லேசாக உரசிவிட்டுப் போகும். கதிர் அடிக்கும் களத்தில் உமியும் தூசும் பறந்து வந்து விழும். உறுத்தல் சற்று நேரத்தில் அடங்கிவிடுவதால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் செடியின் பாகம் பட்டுக் கருவிழியில் ஏற்பட்ட கீறலில், ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் குடியேறிப் புண்ணாக்குவது நம் மாநிலத்தின் கண் மருத்துவர்கள் அறுவடைக் காலந்தோறும் காணும் நோய். அந்தப் புண் ஆறினாலும் கருவிழியில் வெண்மையான தழும்பு தங்கிவிடலாம், தழும்பு பார்வையின் நடுவே விழுந்தால் கண்ணாடி போட்டாலும் சரியாகாது. விமானிக்குக் கண்ணாடி அணிந்த பிறகாவது ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருக்க வேண்டும் என்பதைக் கொண்டு, ஒரு தாளின் உரசல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில், பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார் என்று தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவது. அடுத்து, மருந்துக் கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுவது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைப்பதால் குணமாகிவிட்டதைப்போல் தோன்றும், அந்த நேரத்தில் பூஞ்சை உள்ளே தடையின்றி வளரும். கண்ணில் தாளோ உமியோ பட்டு, மறுநாளும் உறுத்தலும் வெளிச்சத்தைக் காணக் கூச்சமும் நீடித்தால் ரயிலேறி வந்துவிட வேண்டும். 1819ஆம் ஆண்டு தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை வடசென்னைக்காரர்களுக்குத் தொலைவில் இல்லை. இவையெல்லாம் நேராமலிருக்க, பக்கவாட்டையும் மூடும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். அதைப் போட்டுக்கொண்டு களை எடுத்தால் ஊரார் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பூச்சிமருந்து அடிக்கும் வேலையை இளைஞர்கள் விரும்பி ஏற்பதுண்டு. அரை நாளில் முடிந்துவிடும், கூலியும் கூட. குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடக்கும் இடத்தில் வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. கண்மணி சுருங்கும், பார்வை மங்கும், வியர்வையும் எச்சிலும் மிகும், தலை வலிக்கும். பொன்னேரி வெயிலில் வியர்ப்பதும் தலை வலிப்பதும் இயல்புதானே என்று இவற்றை ஒதுக்கிவிடுவதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, வாந்தி வரவில்லையே என்று தேறிக்கொள்வது. முடங்கிய நொதி பழைய அளவுக்குத் திரும்ப வாரங்கள் ஆகலாம் என்பதால், சிறிது சிறிதாகத் தோல் வழியே ஏறிய மருந்து நான்காம் நாளின் தெளிப்பில் திடீரென்று தன்னைக் காட்டும். நனைந்த சட்டையோடு மதியச் சோறு உண்பவர், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டதாலேயே பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறார். மருந்து பெரும்பாலும் நுழைவதோ நனைந்த முதுகு வழியாகத்தான்.

டப்பாவின் மேலிருக்கும் வண்ணக் குறியைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், பச்சை. என் கருத்தைக் கேட்டால், பறப்புப் பயிற்சியில் இருப்பவர் தெளிப்பானைத் தோளில் மாட்டவே வேண்டாம். மாமாவிடம் காரணத்தைச் சொல்லி நடவு, அண்டை வெட்டு, நீர் பாய்ச்சல் என்று வேறு வேலை கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

காதைப் பற்றி மாணவர்கள் நினைப்பதே இல்லை. டிராக்டரும் பவர் டில்லரும் டீசல் பம்ப்செட்டும் எழுப்பும் இரைச்சலில் நாள் முழுதும் நின்றவருக்கு மாலையில் காது அடைத்தாற்போல் இருக்கும். அது தற்காலிகமான கேள்திறன் இழப்பு. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற எல்லையைத் தாண்டிய இரைச்சலில் மாதக்கணக்கில் வேலை செய்தால் அந்த இழப்பு நிலைத்துவிடக்கூடும். கிளாஸ் 1 சோதனையில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் 35 டெசிபலுக்கும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கும் மேல் கேள்திறன் குறைந்திருக்கக் கூடாது. இரைச்சல் முதலில் தின்பது 3000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுமான உயர்ந்த சுருதிகளைத்தான், அன்றாடப் பேச்சில் அது தெரியவும் தெரியாது. காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயல் வேலையை முடித்த மறுநாளே காது சோதனைக்கு நாள் குறித்துக்கொள்வதும் தவறுதான், இடையில் சில நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போக வேண்டும்.

கிணற்றில் குதிப்பதைத் தடுக்க யாராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழும்போது செவிப்பறை கிழிவதும், தேங்கிய நீரால் காதில் சீழ் பிடிப்பதும் சாதாரணமாக நடப்பவை. மேலேறி இறங்கும் விமானத்தில் காதின் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமன்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சளி பிடித்த நாளில்கூடப் பறக்காதே என்று பயிற்றுநர்கள் சொல்வது அதனால்தான். பம்ப்செட் தொட்டியில் குளிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆகவே விமானி மாணவருக்கு மட்டும் உரிய இரண்டைச் சொல்கிறேன். தொடர்ந்து நீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகத்தில் கல் உண்டானால், கல் நீங்கும் வரை சான்று நிறுத்தப்படலாம். பறக்கும்போது அந்த வலி வந்தால் விமானியால் விமானத்தைக் கையாள முடியாது. மற்றொன்று மயக்கம். நவரை அறுவடை சில ஆண்டுகளில் பரிசுத்த வாரத்தோடு சேர்ந்து வருகிறது. லெந்து உபவாசத்தில் தண்ணீரும் குடிக்காமல் களத்தில் நின்று மயங்கி விழுந்தவர், ஐந்து நிமிடத்தில் எழுந்து மோர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். ஆனால் மருத்துவப் படிவத்தில் 'எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா' என்ற கேள்வி இருக்கிறது, காரணம் தெரியாத மயக்கம் விமானிக்குப் பெரிய தடை. அதை மறைப்பது பொய் சொல்வதாகும். அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வெயிலாலும் பசியாலும் நேர்ந்தது என்று காரணத்தோடு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் உண்மையையும் சொல்லலாம், விளக்கத்தையும் காட்டலாம். உபவாசத்தையும் அறுவடையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமலிருப்பது இன்னும் எளிது.

அரிப்புக்கும் தும்மலுக்கும் விழுங்கும் ஒவ்வாமை மாத்திரைகள் பல, தூக்கத்தையும் மந்தத்தையும் தருபவை. வார இறுதியில் வயல், திங்கட்கிழமை பறப்பு என்று வைத்துக்கொண்டிருப்பவர் மாத்திரையின் பெயரைப் பயிற்றுநரிடம் சொல்லாமல் விமானத்தில் ஏறக் கூடாது. பதநீர் குறித்தும் ஒரு சொல். விடியலில் இறக்கிய, சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் வேறு, வெயிலேறிய பிறகு புளிக்கத் தொடங்கியது வேறு. பறப்பதற்கு முந்திய பன்னிரண்டு மணி நேரத்தில் மது கூடாது என்பது விதி, மூச்சுச் சோதனையில் அளவு சுழியமாக இருக்க வேண்டும். மது கலந்த வாய் கொப்புளிப்பானைக்கூட, நாட்டின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 2023இல் விமானக் குழுவினருக்குத் தடை செய்துவிட்டது. திருவிருந்தில் திராட்சைச் சாறுக்குப் பதில் உண்மையான திராட்சை மதுவை வழங்கும் சபையைச் சேர்ந்தவர், அன்று பறக்க வேண்டியிருந்தால் ஆயரிடம் முன்னமே சொல்லிவிட்டு அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

உடலை விட்டுப் பழக்கத்துக்கு வருகிறேன். எனக்கு மிகக் கவலை தருவது இதுதான். வயலில் பம்ப்செட் நின்றுவிட்டால் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி, கம்பியால் இறுக்கி, மாலை வரை ஓட்டிவிடுபவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். தண்ணீர் பாய்ந்தாக வேண்டிய இடத்தில் அது கெட்டிக்காரத்தனமேதான். அந்த ஒப்பேற்றும் மனம் விமானக் கொட்டகைக்குள் கூடவே வந்துவிடக் கூடாது. அங்கே ஒவ்வொரு திருகுக்கும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு உண்டு, ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் எண் உண்டு, செய்த வேலைக்கு உரிமம் பெற்றவரின் கையெழுத்து உண்டு. டீசலைத் துணியில் வடித்து ஊற்றிப் பழகியவர், ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் எரிபொருள் தொட்டியிலிருந்து சிறிது வடித்தெடுத்து, அடியில் நீர் நிற்கிறதா, ஏவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோல் தனக்குரிய நீல நிறத்தில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதை வீண் சடங்காக எண்ணக்கூடும். மறுபுறம், எஞ்சினின் ஓசை மாறியதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் திறமை வயலில்தான் வளர்கிறது. சிறு விமானங்களில் ஊழியம் செய்யும் கிறிஸ்தவ அமைப்பாக 1945இல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்பின் பணியைக் கேள்விப்பட்டு, புல்தரை ஓடுபாதைகளில் இறங்கும் ஊழிய விமானியாக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் நம் சபைகளிலும் உண்டு. எந்திரம் அறிந்த விமானிக்கு அத்தகைய இடங்களில் மதிப்பு அதிகம். கோளாறைக் கண்டுபிடிக்கும் அறிவை வயலிலிருந்து கொண்டு போகலாம், ஒப்பேற்றும் வழக்கத்தை வரப்பிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மருந்து தெளிக்கும் டிரோனை இயக்கிய மணி நேரங்களைப் பறப்பு நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி பெறும் சான்று வேறு, விமானி உரிமம் வேறு.

மாலையில் படிக்கலாம் என்று சீனியர் ஒருவரின் பழைய புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் இப்போது நடப்பில் இல்லை. அதன் இடத்தில் பாரதீய வாயுயான் அதிநியம், 2024 என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே விமான ஒழுங்குமுறைப் பாடத்தைப் பழைய புத்தகத்திலிருந்து படிப்பவர் இல்லாத சட்டத்தைப் படிக்கிறார். வழிசெலுத்தல் கணக்குகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவற்றைப் பழைய புத்தகத்திலேயே போட்டுப் பழகலாம். மல்லிகை பறிக்க விடியுமுன் எழுந்தவரின் மூளை இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப் போடாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மதிய ஓய்வு நேரமே படிப்புக்கு ஏற்றது.

வானிலைப் பாடத்துக்கோ வயலே வகுப்பறை. கத்திரி வெயிலில் 40 டிகிரி அடிக்கும் நாளில், விமானக் கணக்குகளில் கடல்மட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் 15 டிகிரியைவிட 25 டிகிரி மிகுந்திருக்கிறது. வெப்பம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி என்று கொண்டால், கடலோரத்தில் நிற்கும் விமானம் மூவாயிரம் அடி உயரத்தில் நிற்பதைப்போலவே நடந்துகொள்ளும். ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும், மேலேறும் வேகம் குறையும். இந்தக் கணக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள், அதே வெயிலில் நின்றும் இரண்டையும் பொருத்திப் பார்ப்பதில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் அனல் காற்று எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிழக்கிலிருந்து கடற்காற்று நுழைந்தது, அப்போது தென்னங்கீற்று எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நாள்தோறும் ஒரு வரி எழுதி வைக்கலாம். மேற்குக் காற்று வலுத்த நாள்களில் கடற்காற்று எவ்வளவு தாமதமாகிறது, அந்தத் தாமதம் அன்றைய வெப்பத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்பது இரண்டே வாரத்தில் தாளில் தெரியும்.

கூலியைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பல நாள் கூலி சேர்ந்தாலும் ஒரு மணி நேரப் பறப்புக் கட்டணத்தை எட்டுவது கடினம். கோடை வருமானத்தை நம்பிக் கட்டணத் தவணையை ஒப்புக்கொண்டால் ஜூன் மாதத்தில் கடன் வாங்க நேரும். அந்தப் பணம் மருத்துவச் சோதனைச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பயன்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பேச்சு ஒன்று மீதமிருக்கிறது. அறுவடை இயந்திரம் கிடைத்த நாளில்தான் வரும், ஆராதனை நேரம் பார்த்து வராது. அன்று காலையில் சொல்லாமல் கோயிலுக்குப் போய்விடுவதும், வாய்திறக்காமல் வயலில் நின்று உள்ளுக்குள் புழுங்குவதும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. வேலையில் சேரும் முதல் நாளே மாமாவிடம் பேசி, இயந்திரம் வரும் ஞாயிறு மட்டும் விலக்கு, மற்ற ஞாயிறுகளில் பிற்பகல் வரை தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளலாம். பொன்னேரியிலிருந்து ராயபுரத்துக்கு விடிகாலை ரயிலைப் பிடித்தால் முதல் ஆராதனைக்கே வந்துவிடலாம்.