ஞாயிறு நறுக்கிய கேரட் வியாழன் வரை வாடாமல் இருக்க

காலை ஆறு மணிக்குக் காய் நறுக்க நேரமில்லாதவர்களுக்கு இது. கடையில் தொங்கும் சாம்பார் காய் பாக்கெட் பெரும்பாலும் உள்ளே வியர்த்துக் கிடக்கும். வீட்டிலேயே நன்றாகப் போட்டு வைக்கலாம். நறுக்கிய பிறகும் காய்க்கு உயிர் உண்டு, மூச்சு விடும். வெட்டுப்பட்டால் இன்னும் வேகமாக விடும். அந்த வேகத்தைக் குறைப்பதுதான் நம் வேலை.

முதலில் முழுக் காயாகவே கழுவுங்கள். பழைய பருத்தித் துணியில் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் சத்தும் கரையும், வெட்டிய பக்கத்தில் ஈரமும் தங்கும். மீன், கறி வெட்டும் பலகை வேண்டாம்.

அடுத்து கத்தி. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மழுங்கிய கத்தி காயை நசுக்கும். நசுங்கிய இடத்தில் சாறு கசியும், அந்தச் சாற்றில் கிருமி பெருகும். நறுக்கிய கேரட் மறுநாள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். மேல்பக்கம் காய்ந்ததால் வரும் வெளுப்பு அது. ஆரம்பத்தில் தண்ணீர் பட்டதும் நிறம் திரும்பிவிடும். கத்தி கூர்மையாக இருந்தால் இந்த வெளுப்பும் குறையும்.

டப்பாவின் அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்து, காயைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். கவரில் போட்டால் காற்றை ஒட்ட உறிஞ்சி எடுக்காதீர்கள். ஆக்ஸிஜன் அறவே இல்லாவிட்டால் காய்க்குள் புளித்த வாடை வந்துவிடும். பெரிய நிறுவனங்கள்கூட ஆக்ஸிஜனை 2 முதல் 5 சதவீதம் வரை விட்டுவைத்துத்தான் பாக்கெட் போடுகின்றன.

நறுக்கி 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள்.

சரி, எத்தனை நாள்? கேரட் 4 நாள். பீன்ஸ், முட்டைகோஸ் 3 நாள். கத்தரிக்காயையும் வாழைக்காயையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். வெட்டிய இடம் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். மோர் கலந்த தண்ணீர் சமைக்கும் நேரம் வரைதான் காப்பாற்றும்.

டப்பா மேல் நறுக்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். தொட்டால் கொழகொழவென்று இருந்தாலோ, திறந்ததும் புளித்த வாடை அடித்தாலோ, கழுவிச் சமைத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் மூன்றாம் நாளுக்குமேல் எந்த நறுக்கிய காயையும் வைக்காதீர்கள்.